பூட்டைப் போட்டபின் ஸ்டார்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்

கனரகத் தொழிற்சாலை எதிலும் விதிகளுக்குப் பஞ்சம் கிடையாது. ஹெல்மெட், ஷூ, பெர்மிட் (வேலை தொடங்க எழுதித் தரும் அனுமதி), பூட்டு, டேக், காலைக் கூட்டம் எல்லாம் இருக்கும். இருந்தும் ஆட்கள் அடிபடுகிறார்கள். விபத்துக்குப் பிறகு அந்த வேலையின் பெர்மிட்டை எடுத்துப் பார்த்தால், எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும், கையெழுத்தும் ஒழுங்காக இருக்கும். "ஐசொலேட் செய்தாயிற்று" (மின்சாரமோ வாயுவோ வராதபடி பிரித்தாயிற்று) என்று எழுதியவர், அது நிஜமாகவே ஐசொலேட் ஆகிவிட்டதா என்று போய்ச் சோதிக்காமல் விட்டிருப்பார்.

ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்குள்ளும் இப்படி ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து பத்து நிமிட வேலைதான். லைனை ஓட்டச் சொல்லி மேலே இருந்து நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான். அந்தச் சோதனைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஹெல்மெட், கண்ணாடி, கையுறை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவை கட்டாயம் வேண்டும், ஆனால் மற்ற எல்லாம் தோற்றபிறகு மிஞ்சும் கடைசித் தடுப்பு அவை. மேலிருந்து 5 டன் சுமை விழும்போது ஹெல்மெட்டால் ஆகப்போவது எதுவுமில்லை.

மின்சாரத்தைத் துண்டிப்பது

மோட்டாரிலோ கன்வேயரிலோ கை வைக்கும் முன் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு "நிறுத்தியாச்சு" என்று வேலையைத் தொடங்குவது எங்கும் நடக்கிறது. அந்தச் சிவப்புப் பட்டன் ஓடுவதை நிறுத்தும், மின்சாரத்தைப் பிரித்து வைக்காது. பேனலில் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) வரை மின்சாரம் நின்றுகொண்டே இருக்கிறது. யாராவது பட்டனைத் திருகி விடுவித்து, கன்ட்ரோல் ரூமிலிருந்து ஸ்டார்ட் கொடுத்தால் முடிந்தது கதை. ஐசொலேஷன் என்றால் பிரேக்கரையோ ஐசொலேட்டரையோ ஆஃப் செய்து, வெளியே இழுக்கக்கூடிய வகை என்றால் இழுத்து வைத்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டுவது.

ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அந்தச் சாவி அவரவர் பையில். ஆறு பேர் வேலை செய்தால் ஹாஸ்ப் (பல பூட்டு மாட்டும் கொக்கி) போட்டு ஆறு பூட்டு தொங்க வேண்டும். "நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சேர்த்து நானே போட்டுட்டேன்" என்று ஃபோர்மேன் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. அவர் வேறு வேலைக்குக் கூப்பிடப்பட்டு, ஒருவர் இன்னும் உள்ளே இருப்பதை மறந்து பூட்டைக் கழற்றிவிட்டால் தடுக்க ஆளில்லை. பெரிய ஷட்டவுனில், அதாவது ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்போது, நாற்பது ஐம்பது ஐசொலேஷன் இருக்கும், எல்லா இடத்திலும் எல்லோரும் பூட்டுப் போட முடியாது. அதற்குத்தான் லாக் பாக்ஸ். ஐசொலேஷன் பூட்டுகளின் சாவியெல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும், வேலை செய்கிற ஒவ்வொருவரும் அந்தப் பெட்டிமேல் தன் பூட்டைப் போடுவார்கள். கடைசி ஆளின் பூட்டு கழலும்வரை உள்ளே இருக்கும் சாவியை யாரும் தொட முடியாது.

இனி சோதனை. முதலில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் செலக்டர் சுவிட்ச் 'ரிமோட்'டில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் பட்டனை நூறு முறை அழுத்தினாலும் மோட்டார் ஓடாது, மின்சாரம் இருந்தாலும் ஓடாது. ஆயில் பிரஷர் இல்லை, டேம்பர் (காற்றுவழிக் கதவு) மூடியிருக்கிறது என்று ஏதாவது இன்டர்லாக் தடுத்தாலும் இதேதான். ஆகவே செலக்டரை 'லோக்கல்' நிலைக்குக் கொண்டுவந்து அழுத்த வேண்டும், பிறகு மறக்காமல் ஆஃப் நிலையில் வைக்க வேண்டும். இந்தச் சோதனை சரியான பிரேக்கரைத்தான் இறக்கினோமா என்று காட்டும். '4ஏ'வுக்குப் பதில் '4பி'யை இறக்கிவிட்டு வருவது அபூர்வமான விஷயமில்லை.

ஆனாலும் மோட்டார் ஓடவில்லை என்பது மட்டும் மின்சாரம் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. எலக்ட்ரீஷியன் மீட்டரால் அளந்தே ஆக வேண்டும். அளக்கும் முன் அந்த மீட்டரை மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் வேலை செய்யும் இடத்தில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே மூன்று அளவு, ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று அளவு, ஆக ஆறு. முடிந்ததும் மீண்டும் அந்த முதல் இடத்துக்கே போய் மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். நடுவில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தாலும், லீட் உள்ளுக்குள் அறுந்திருந்தாலும் அது சுழியம்தான் காட்டும். தொடாமலே விளக்கு எரியும் பேனா டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது.

பெரிய மோட்டார்களின் டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் உள்ளே தடித்த மூன்று கேபிள்கள் தவிர, ஓரத்தில் மெல்லிய இரண்டு வயர்கள் தனியாக வந்திருக்கும். மோட்டார் நிற்கும்போது ஈரம் படியாமல் இருக்க வைத்திருக்கும் ஸ்பேஸ் ஹீட்டர் அது. அதற்கு மின்சாரம் வேறு போர்டிலிருந்து வருகிறது. மோட்டார் ஓடும்போது அணைந்திருக்கும், மோட்டார் நின்றதும் தானாக உயிர் பெறும். மெயின் பிரேக்கரை வெளியே இழுத்து, பூட்டி, ஆறு அளவும் பார்த்து, பிறகு அந்த மெல்லிய வயரில் ஷாக் வாங்கியவர்கள் உண்டு. இன்னொரு பேனலிலிருந்து வரும் இன்டர்லாக் சப்ளை, யுபிஎஸ் லைன் இவையும் இதே வகை. ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு சப்ளைதான் என்று நினைப்பதே ஆபத்து. எத்தனை வழியில் வருகிறது என்ற பட்டியல் மெஷின் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

வேரியபிள் ஸ்பீட் டிரைவ் என்றால் சப்ளையை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தேங்கி நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவ் மேலேயே எழுதியிருப்பார்கள். காத்திருந்து, டிசி பஸ்ஸில் டிசி வோல்ட்டேஜை அளந்தபிறகே கை வைக்க வேண்டும். மீட்டரை ஏசியில் வைத்து டிசியை அளந்துவிட்டு "இல்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

தேங்கி நிற்பது மின்சாரம் மட்டுமில்லை. சரிவாக ஏறும் கன்வேயரில் பாதிச் சரக்கோடு பெல்ட் நின்றிருந்தால், கியர்பாக்ஸைக் கழற்றிய நொடியில் பெல்ட் பின்னோக்கி ஓடும். பெல்ட்டை கிளாம்ப் போட்டுப் பிடித்து, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டேக்-அப் எதிர் எடையைத் தூக்கிக் கட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். பெரிய ஃபேன்கள் புகைபோக்கியின் இழுப்பிலேயே தானாகச் சுற்றும், டேம்பரை மூடி ரோட்டரையும் கட்ட வேண்டும். ஹைட்ராலிக்கில் பம்ப் நின்றாலும் அக்குமுலேட்டரில் (பிரஷரைச் சேமிக்கும் கலன்) பிரஷர் இருக்கும். அதை இறக்கிவிட்டு கேஜ் சுழியத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினால் விரலோ கையோ போகும்.

குழாயைப் பிரிப்பது

வால்வு மூடியிருக்கிறது என்பது ஐசொலேஷன் ஆகாது. பழைய வால்வுகள் எல்லாமே கொஞ்சம் பாஸ் ஆகும் (கசிய விடும்), அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்தான திரவம், வாயு, நீராவி என்றால் இரண்டு வால்வை மூடி நடுவில் இருக்கும் பிளீடை (வடிக்கும் சின்ன வால்வை) திறந்துவைப்பது ஒரு படி மேல். ஆள் உள்ளே இறங்கப்போகும் கலன் என்றால் பிளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) போட வேண்டும், அல்லது குழாயில் ஒரு துண்டைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரிய இடைவெளி விட வேண்டும். பிளைண்டின் தடிமன் அந்த லைனின் பிரஷருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கிடைத்த தகட்டை வட்டமாக வெட்டிச் செருகினால் அது வளைந்து கேஸ்கெட் பிய்யும். ஒவ்வொரு பிளைண்டுக்கும் எண், ஒரு பட்டியல், போட்ட தேதி, எடுத்த தேதி எல்லாம் இருந்தால்தான் ஷட்டவுன் முடிவில் ஒன்று உள்ளேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

பிளீடைத் திறந்தோம், ஒன்றும் வரவில்லை, லைன் காலி என்று முடிவு கட்டுவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சேறும் கெட்டித் தாரும் அடைத்துக்கொண்டிருந்தாலும் ஒன்றும் வராது. பிளீடில் முதலில் கொஞ்சமாவது வந்து, பிறகு நிற்க வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் அடைப்பு என்றே நினைத்துக் கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். அதையும் பக்கவாட்டில் நின்று, முகக்கவசத்தோடு செய்ய வேண்டும்.

ஃப்ளேஞ்சை (குழாய்களைப் போல்ட்டால் சேர்க்கும் விளிம்பை) பிரிக்கும்போது நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் போல்ட்டைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். உள்ளே பிரஷர் மிச்சம் இருந்தால் அது அந்தப் பக்கமாகப் பீச்சும். நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரை விட்டுவைத்து, ஃப்ளேஞ்சை உளியோ ஆப்போ வைத்து மெல்ல விரிக்க வேண்டும். ஏதாவது வந்தால் திரும்ப இறுக்கிவிடலாம். எல்லா நட்டையும் கழற்றி எறிந்துவிட்டுக் கடைசியில் சுத்தியால் தட்டுபவருக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

மேன்ஹோலுக்குள் இறங்குவது

கலன், டேங்க், குழி, சைலோ, பாதாளக் கால்வாய் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளைக் கொல்கிறது. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது, 23.5-க்கு மேலே போனாலும் கூடாது. மேலே போனால் துணியும் தலைமுடியும் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் ஹோஸ் கசிவு, அல்லது "காத்து வரட்டும்" என்று ஆக்சிஜனையே திறந்துவிடும் மடத்தனம் இதற்குக் காரணம்.

இந்த 19.5 என்ற எல்லையை வைத்து ஒரு குழப்பம் நடக்கிறது. மீட்டர் 19.9 காட்டினால் "பாஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அதில் ஒரு சதவீதம் குறைய வேண்டுமென்றால், வேறு ஏதோ ஒன்று ஏறத்தாழ 5 சதவீதம் உள்ளே புகுந்து அந்த அளவு காற்றை வெளியே தள்ளியிருக்கலாம். 5 சதவீதம் என்றால் 50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). அந்த ஏதோ ஒன்று நைட்ரஜனாக இருந்தால் தப்பித்தோம், நச்சு வாயுவாக இருந்தால்? 20.9 இல்லை என்றால் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை உள்ளே போகக் கூடாது. சில நேரம் பதில் எளிது: நாள்பட மூடிக் கிடந்த இரும்புக் கலனில் துருவே ஆக்சிஜனைத் தின்றிருக்கும்.

சோதிக்கும் வரிசை: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, அதற்கடுத்து நச்சு வாயு. காரணம் இருக்கிறது. எரியும் வாயுவை அளக்கும் பெரும்பாலான மீட்டர்களில் இருக்கும் சென்சார், வாயுவை உள்ளுக்குள் எரித்துப் பார்த்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரம்பிய கலனில் எவ்வளவு மீத்தேன் இருந்தாலும் அது சுழியத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். உள்ளே இறங்க எரியும் வாயு எல்.இ.எல். (காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு) அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெல்டிங் செய்வதானால் சுழியமாகவே இருப்பது நல்லது.

மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தங்கும், கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து எங்கும் இருக்கும். மேன்ஹோல் வாயில் மீட்டரைக் காட்டிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போவதை அளப்பது என்று சொல்ல முடியாது. ஹோஸை உள்ளே விட்டு அதன் வழியாகக் காற்றை மீட்டருக்கு இழுக்கும்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சில விநாடி ஆகும், அதற்குமேல் சென்சார் பதில் சொல்லவும் நேரம் வேண்டும். 10 மீட்டர் ஹோஸை இறக்கி உடனே படித்தால், படிப்பது வெளிக்காற்றை.

ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை வாடை இருக்கும், மூக்கே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பலரைக் கொன்றிருக்கிறது. 100 பிபிஎம் பக்கம் போனதும் மூக்கு மரத்துவிடும், வாடை "போய்விடும்". இன்னொன்று, முதல் சோதனையில் சுழியம் காட்டிய கழிவுக் குழியில் சேற்றை மண்வெட்டியால் கிளறியதும் அது கிளம்பி வரும். அதனால்தான் உள்ளே இருப்பவர் சட்டையில் மீட்டர் தொடர்ந்து ஓட வேண்டும். காலையில் ஒரு முறை அளந்த எண் மத்தியானத்துக்குச் செல்லாது. சாப்பாட்டுக்கு வெளியே வந்தால், திரும்ப இறங்கும் முன் மறுபடி சோதனை.

எஃகு ஆலைகளில் கார்பன் மோனாக்சைடு தனிக் கதை. பிளாஸ்ட் ஃபர்னஸ் வாயுவில் அது 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும், எஃகு உருக்கும் கன்வெர்ட்டர் வாயுவில் பாதிக்கும் மேல். 1,200 பிபிஎம் என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவு. ஒரு சதவீதம் என்றால் 10,000 பிபிஎம் என்று கணக்குப் போட்டால், அந்தக் குழாயில் சின்னக் கசிவுக்கு என்ன பொருள் என்று விளங்கும். வாடையோ நிறமோ எரிச்சலோ கிடையாது. கேஸ் லைன் பக்கம் தனியாகப் போகாதே என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

நைட்ரஜன் இன்னும் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதானே என்று ஓர் அலட்சியம். முழு நைட்ரஜனில் இரண்டு மூச்சு இழுத்தால் மயக்கம், மூச்சுத் திணறும் உணர்வுகூட வராது. அமெரிக்காவில் 1992-க்கும் 2002-க்கும் இடையே நைட்ரஜனால் மூச்சடைத்து 80 பேர் செத்ததாக அங்குள்ள ரசாயன விபத்து விசாரணை வாரியம் கணக்கெடுத்தது. ஸ்டெயின்லெஸ் குழாய் வெல்டிங்கில் உள்ளே விடும் ஆர்கானும் இப்படித்தான், காற்றைவிடக் கனமானது என்பதால் குழாயின் பள்ளத்தில் தேங்கும். தலையை உள்ளே நீட்டி ஜாயின்டைப் பார்ப்பவர் அப்படியே சாய்வார்.

வெளியே நிற்கும் காவல் ஆள் யாராவது ஒரு ஹெல்பராக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மொத்தப் பெர்மிட்டிலும் முக்கியமான ஆள் அவர்தான். அவர் நகரக் கூடாது, வேறு வேலை செய்யக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே குதிக்கக் கூடாது. அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-இல் அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் எழுதியது. முக்காலியும் வின்ச்சும் மேன்ஹோல் மேல் முன்கூட்டியே நிற்க வேண்டும், உள்ளே போனவரின் ஹார்னஸ் (உடம்புப் பட்டை) அதில் கோத்திருக்க வேண்டும். அப்போதுதான் வெளியே இருந்தே இழுக்க முடியும். "ஆபத்து வந்தால் ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுவோம்" என்பது மீட்புத் திட்டமே இல்லை, ஆக்சிஜன் இல்லாத மூளைக்குச் சில நிமிடம்தான் கெடு.

புளோயர் வைக்கும்போது அது எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்றும் பாருங்கள். டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கலனுக்குள் கார்பன் மோனாக்சைடை அனுப்பிக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வெளியே.

தீப்பொறி வேலை

சுற்றிலும் 11 மீட்டருக்கு எரியும் பொருள் இல்லாமல் செய்ய வேண்டும், முடியாததைத் தீப்போர்வையால் மூட வேண்டும். பொறி பக்கவாட்டில் போவதைவிடக் கீழே விழுவதுதான் பிரச்சினை: கிரேட்டிங் (இரும்புக் கம்பித் தரை) வழியாக, கேபிள் டிரெஞ்சுக்குள், சுவர்த் துளை வழியாக அடுத்த அறைக்கு. வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். புகைந்துகொண்டிருக்கும் பஞ்சும் ரப்பரும் வெல்டர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகே பற்றும்.

அசெட்டிலீன் சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும், ரெகுலேட்டர் பிரஷர் 1 பாருக்கு மேல் வேண்டாம். ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (தீ பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் கருவி) இரண்டு ஹோஸிலும். ஆக்சிஜன் ஃபிட்டிங்கில் எண்ணெய், கிரீஸ் கை படக் கூடாது. வெல்டிங் ரிட்டர்ன் கிளாம்பை வேலை நடக்கும் துண்டின் மேலேயே மாட்டுங்கள். தூரத்தில் எங்கோ ஒரு தூணில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவோ கிரேனின் வயர் ரோப் வழியாகவோ திரும்பும். அப்படிக் கருகிய ரோப் மறுநாள் அறும்போது யாருக்கும் காரணம் தெரியாது. காலி டிரம்மை வெட்டாதீர்கள். நிறைந்த டிரம்மைவிட "காலி" டிரம்மில்தான் வெடிக்கத் தோதான ஆவி இருக்கும்.

தூக்குவது

இரண்டு கால் ஸ்லிங்கில் (சுமையைக் கட்டித் தூக்கும் கயிறு) 10 டன்னைத் தூக்கினால் ஒரு காலுக்கு 5 டன் என்று சொல்பவர் ரிக்கர் (சுமை கட்டுபவர்) வேலைக்கு லாயக்கில்லை. கால்கள் நேர் செங்குத்தாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஒரு காலில் ஏறுவது 5.8 டன், 45-இல் 7.1 டன், 30-இல் முழு 10 டன். 30-க்குக் கீழே ஸ்லிங்கை விரிக்கவே கூடாது. நான்கு கால் போட்டாலும், சுமை வளையாத பொருளாக இருந்தால் எந்த நேரத்திலும் இரண்டு கால்தான் பாரத்தைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டும், மற்ற இரண்டும் சும்மா நிலை தடுமாறாமல் பிடித்திருக்கும்.

எடையை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. 6 மீட்டருக்கு 2 மீட்டர், 25 மி.மீ. தகடு என்றால் 12 பெருக்கல் 25 பெருக்கல் 7.85, அதாவது 2,355 கிலோ. பெயர்ப்பலகையில் இருக்கும் எடை, கலன் காலியாக இருக்கும்போது உள்ளது. அடியில் படிந்த சேறு, தேங்கிய தண்ணீர், கழற்றாமல் விட்ட ஒரு போல்ட் எல்லாம் கிரேனுக்குத்தான் பாரம். ஹூக் பிளாக், ஸ்லிங், ஷேக்கிள், ஸ்ப்ரெடர் பீம் ஆகியவற்றின் எடையையும் சுமையோடு கூட்டிய பிறகே லோடு சார்ட்டை (கிரேனின் தாங்கு திறன் அட்டவணையை) பார்க்க வேண்டும். பூம் (கிரேனின் நீண்ட கை) பாரத்தில் முன்னோக்கி வளையும், ரேடியஸ் (கிரேனிலிருந்து சுமைக்குள்ள தூரம்) கூடும். சார்ட்டின் விளிம்பில் போட்ட கணக்கு தூக்கும்போது விளிம்பைத் தாண்டிவிடும்.

அவுட்ரிகர் (கிரேனைத் தாங்கும் பக்கக் கால்கள்) முழுதும் நீட்டி, அடியில் மேட் போட்டு நிற்க வேண்டும். அண்மையில் மண் நிரப்பிய பள்ளமோ கேபிள் டிரெஞ்சின் சிலாபோ அடியில் இருக்கிறதா என்று லே-அவுட் படத்தில் பாருங்கள், தரையைப் பார்த்தால் தெரியாது. சாதாரண ஐ-போல்ட்டை (தூக்கும் வளையம் உள்ள போல்ட்டை) சாய்வாக இழுத்தால் அதன் தாங்கு திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டேக் இல்லாத பெல்ட் ஸ்லிங் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வெட்டிப் போட்டுவிடுவது உத்தமம். வெட்டாமல் குப்பையில் போட்டால் இரவு ஷிஃப்ட்டில் யாராவது எடுத்துக் கொண்டுவந்துவிடுவார்கள்.

இங்கேயும் ஒரு சோதனை உண்டு. 10, 15 செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, சுமை சாய்கிறதா, அவுட்ரிகர் அமுங்குகிறதா, லோடு இண்டிகேட்டர் காட்டும் எடை நாம் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இறக்கு. அந்த உயரத்தில் இறக்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை. சுமையைத் திருப்ப டேக் லைன் கயிறு, கை வேண்டாம். சுமைக்குக் கீழே யாரும், ஒரு நொடிகூட, வேண்டாம்.

உயரத்தில்

ஹார்னஸ் போட்டிருக்கிறார் என்பதைவிட எங்கே ஹூக் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். 1.8 மீட்டர் லேன்யார்டை (ஹார்னஸைக் கட்டும் கயிறு) காலடியில் மாட்டினால் ஆள் 3 மீட்டருக்கு மேல் விழுந்த பிறகே அது பிடிக்கும். பெரும்பாலான ஷாக் அப்ஸார்பர் அந்த அளவுக்குச் செய்யப்பட்டதில்லை. முதுகு வளையத்தின் மட்டத்திலேயே மாட்டினாலும், லேன்யார்ட் 1.8, அப்ஸார்பர் விரிவது ஏறக்குறைய 1.2, வளையத்துக்குக் கீழே உடம்பு 1.5, மிச்ச இடைவெளி 1 மீட்டர், ஆக மொத்தம் மாட்டிய இடத்துக்குக் கீழே 5.5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மாட்டிய இடம் தரையிலிருந்து 4 மீட்டர்தான் என்றால் அந்த லேன்யார்ட் தரையில் மோதிய பிறகே உதவும். அங்கே தலைக்கு மேலே மாட்டும் சுருள் பிளாக் (தானே உள்ளே சுருளும் கயிறு) போட வேண்டும், அல்லது கைப்பிடியோடு பிளாட்ஃபார்ம் கட்ட வேண்டும். தொங்கிக்கொண்டிருப்பவரை நிமிடங்களில் இறக்க வேண்டும். தொடைப் பட்டை ரத்தத்தைக் காலிலேயே தேக்கிவிடும், அசைவின்றித் தொங்கினால் சீக்கிரமே உயிருக்கு ஆபத்து.

தரையில் திறந்து கிடக்கும் ஓட்டை இதைவிட மோசம். பைப் இறக்க ஒரு கிரேட்டிங் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள், டீ குடிக்கப் போனார்கள், அந்த வழியாகத் தினமும் நடப்பவர் பழக்கதோஷத்தில் நடந்து வந்தார். சிவப்பு ரிப்பன் கட்டுவது தடுப்பில் சேராது. பைப்பில் கட்டிய கெட்டியான கைப்பிடி வேண்டும், அல்லது ஓட்டையை ஆணியடித்த பலகையால் மூடி மேலே "ஓட்டை" என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பலகை தேவைப்படும் இன்னொருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைப்பார். கிரேட்டிங்கைத் திரும்பப் போட்டதும் கிளிப்பையும் மாட்ட வேண்டும், கிளிப் இல்லாத கிரேட்டிங் மெல்ல நகர்ந்து ஒரு நாள் ஓரத்தை விட்டு இறங்கும்.

கன்வேயரும் உருகிய உலோகமும்

ஓடும் கன்வேயரில் ரோலருக்கும் பெல்ட்டுக்கும் இடையே மாட்டிய துணியையோ கல்லையோ எடுக்க முயல்பவர்கள், கையை இழுத்துவிடலாம் என்று நம்புகிறார்கள். பெல்ட் விநாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது. கை மாட்டியது என்று மூளைக்கு உறைக்க அரை விநாடி என்றாலும், அதற்குள் பெல்ட் 1 மீட்டர் போய்விட்டது. கை முழுதும் உள்ளே.

உருகிய உலோகத்துக்கு ஒரே ஒரு விதி: அதற்குக் கீழே ஈரம் போகக் கூடாது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். மேலே ஊற்றிய தண்ணீர் ஆவியாய்ப் போய்விடலாம், கீழே மாட்டிய ஒரு கரண்டி தண்ணீர் மொத்த லேடிலையும் (உருகிய உலோகம் நிற்கும் பாத்திரம்) தூக்கி எறியும். மழையில் நனைந்த ஸ்கிராப், மூடிய சிலிண்டர், சூடாக்காத சாம்பிள் கரண்டி, காயாத லைனிங் எல்லாம் ஒன்றுதான்.

ஷிஃப்ட் மாறும்போதும் திரும்ப ஓட்டும்போதும்

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்புக்கு இரண்டு வேலை, இரண்டு தனித்தனி பெர்மிட். பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் அதே பம்பின் சேஃப்டி வால்வைச் சோதனைக்குக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிளைண்ட் ஃப்ளேஞ்சை மாட்டிவைத்திருந்தார்கள். வேலை மாலைக்குள் முடியவில்லை. இரவு ஷிஃப்ட்டுக்கு அது தெரியவரவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் நின்றதும், பராமரிப்புப் பெர்மிட்டை மட்டும் பார்த்து, வேலை தொடங்கவில்லையே என்று முதல் பம்பை ஓட்டினார்கள். ஒழுங்காக இறுகாத ஃப்ளேஞ்ச் வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் செத்தார்கள். அந்த வால்வு பம்புக்கு மேலே, நிற்பவர் கண்ணுக்குப் படாத உயரத்தில் இருந்தது.

ஒரு மெஷினுக்கு எத்தனை பெர்மிட் இருந்தாலும் அவை ஒரே இடத்தில், ஒன்றையொன்று குறிப்பிட்டுத் தொங்க வேண்டும். முடியாத வேலையின் பெர்மிட்டைக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வருகிறவரை அழைத்துக்கொண்டு மெஷின் வரை நடந்து, எது கழன்றிருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். பூட்டும் மாற வேண்டும். வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகே போகிறவர் தன்னுடையதைக் கழற்ற வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட மெஷின் பூட்டில்லாமல் நிற்கக் கூடாது.

திரும்ப ஓட்டும்போது அந்தப் பக்கம் வேலை இல்லாதவர்கள் விலக வேண்டும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு யூனிட்டை ஓட்டத் தொடங்கியபோது வெடித்து 15 பேர் செத்தார்கள். எல்லோரும் பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலக டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள், அந்த ஸ்டார்ட்-அப்புக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியில் எப்போதும் வரும் தலைவலி: வேலை முடிந்தது, ஒரே ஒரு பூட்டு மட்டும் தொங்குகிறது, அதன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். ஓட்டச் சொல்லி மேலே இருந்து போன் மேல் போன். கட்டரை எடுக்கும் முன் அவரைப் போனில் பிடித்துப் பேச வேண்டும். வாசலில் அவர் வெளியேறிய பதிவைப் பார்க்க வேண்டும். பதிவு இருந்தாலும் மெஷினின் உள், அடி, பின்பக்கம் எல்லாம் ஆள் விட்டுத் தேட வேண்டும். கருவிகளை எண்ண வேண்டும், கழற்றிய கார்டு (பாதுகாப்பு மூடி) திரும்ப மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்து, பொறுப்பில் இருக்கும் அதிகாரி எழுத்தில் கையெழுத்திட்டால், அவர் முன்னிலையில் பூட்டை வெட்டலாம். மறுநாள் பூட்டின் சொந்தக்காரர் கேட்டுக்குள் நுழையும்போதே, வேலையில் கை வைக்கும் முன், அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தன் பூட்டு இன்னும் தொங்குகிறது என்ற நம்பிக்கையில் அவர் நேரே மெஷினுக்குள் கை விடுவார்.